கீரிப்பிள்ளையும் உச்சக்கிஜானாவும்: ஜூலுவின் ‘ஆனா’வைத் தமிழில் எங்கே வைப்பது?

தென்னாப்பிரிக்காவின் ஜூலு மொழியில் சொல்லப்படும் நாட்டுப்புறக் கதைகளில் ஒரு கீரி வரும். உடம்பு சின்னது, மூளை பெரியது. சிறுத்தையை ஏமாற்றும், ஆளைத் தின்னும் அரக்கரை ஏமாற்றும், பசி வந்துவிட்டால் உறவு, நட்பு எதையும் பார்க்காது. அதன் பெயர் உச்சக்கிஜானா. அந்தக் கதைகளில் சிலவற்றைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோது முதல் வரியிலேயே கை நின்றுவிட்டது. கதை எளிதுதான், பெயர்தான் நகரவிடவில்லை.

‘உச்சக்கீடே’ என்றால் ஜூலுவில் கீரி. (நான் ‘ச்ச’ என்று எழுதியிருக்கும் இடத்தில் உண்மையில் வருவது, நாம் ‘அடப்பாவமே’ என்று உச்சுக் கொட்டும்போது நாக்கு நுனி பல்லில் ஒட்டி விடுபடும் அதே ஒலி. நாம் அதை எழுத்தாகக் கருதுவதில்லை. ஜூலுவில் அது நெடுங்கணக்கில் இருக்கிற மெய்.) அந்த உச்சக்கீடேவின் வாலில் ‘ஆனா’ என்ற விகுதி சேர்ந்து, நடுவில் இருந்த ‘ட’ இளகி ‘ஜ’ ஆகி, உச்சக்கிஜானா என்று நிற்கிறது. ‘ஆனா’ சிறுமையைக் காட்டும் விகுதி என்று இலக்கண நூல்கள் சொல்லும். அது பிறந்த கதை இன்னும் சுவையானது. ஜூலுவும் ஸ்வாஹிலியும் சேர்ந்த பாண்டு மொழிக் குடும்பத்தில் குழந்தையைக் குறித்த பழைய சொல் ஒன்று தேய்ந்து இந்த விகுதியானது. ஸ்வாஹிலியில் அதே வேர் ‘ம்வானா’ என்று இன்றைக்கும் முழுச் சொல்லாக, பிள்ளை என்ற பொருளில் இருக்கிறது.

அப்படியென்றால் உச்சக்கிஜானா என்பது கீரியும் பிள்ளையும். நம் ஊரில் கீரிப்பிள்ளை.

இதைக் கண்டுகொண்ட அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. தமிழிலும் கீரியின் குட்டியைக் கீரிப்பிள்ளை என்று சொல்வதில்லை. வளர்ந்து, பல் முளைத்து, பாம்பைக் கடித்துக் குதறும் கீரியும் நமக்குக் கீரிப்பிள்ளைதான். அணிலும் அணிற்பிள்ளை, கிளியும் கிளிப்பிள்ளை. அந்தப் ‘பிள்ளை’ வயதைச் சொல்லவில்லை, நாம் அதைப் பார்க்கும் பார்வையைச் சொல்கிறது. ‘ஆனா’வும் அதையேதான் செய்கிறது. இரண்டு மொழிகளுக்கும் ஒட்டோ உறவோ கிடையாது. ஒரே விலங்கை இரண்டு கண்டங்களில் பார்த்த மக்கள், அதன் வாலில் ஒரே சொல்லை ஒட்டிவிட்டார்கள்.

ஆனால் ‘ஆனா’ கீரியோடு நிற்கும் விகுதி இல்லை. மலை, பணம், நேரம், ஆண்பிள்ளை, சிவப்பு, ‘பெரிய’ என்ற சொல் என எல்லாவற்றிலும் ஒட்டும். ஒவ்வோர் இடத்திலும் தமிழில் என்ன செய்வது என்று முடிவெடுத்தாக வேண்டும். எனக்கு முன்னால் நான்கு வழிகள் இருந்தன. நான்கையும் பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்தேன். பாண்டு மொழிக் கதைகளைத் தமிழுக்குக் கொண்டுவர நினைக்கும் வேறு யாருக்காவது பயன்படும் என்பதால் அந்தக் கணக்கை இங்கே வைக்கிறேன்.

முதலில், இந்த ‘ஆனா’ என்னென்ன செய்கிறது

தென்னாப்பிரிக்காவின் 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசப்படும் மொழியாக முதலிடத்தில் இருப்பது ஜூலு. 24.4 சதவீதம். அதன் தாயகம் குவாஜூலு-நட்டால் மாகாணம். சென்னையிலிருந்து கூலி ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு போன ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16-ஆம் தேதி வந்து சேர்ந்த டர்பன் துறைமுகமும் அங்கேதான் இருக்கிறது. நூற்றறுபது வருடங்களுக்கு மேலாகத் தமிழ்ப் பெயர்களும் ஜூலுப் பெயர்களும் ஒரே தெருவில் இருக்கின்றன. ஆனாலும் என் கைக்குத் தமிழில் வந்த ஜூலுக் கதைகள் எல்லாமே ஆங்கிலத்தைச் சுற்றி வந்தவை. அந்தச் சுற்றில்தான் ‘ஆனா’ செத்துப்போகிறது.

நான் டர்பனில் வேலை பார்த்த நாட்களில் வார்விக் சந்தைக்கு அடிக்கடி போவேன். மூலிகையும் மணிகளும் காய்கறியும் விற்கும் பெரிய சந்தை அது. அங்கே மணிவேலை விற்கும் ஒரு மூதாட்டி, பக்கத்துக் கடைக்காரப் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தார். தன்னிடம் கொஞ்சம் பணம் இருப்பதாகச் சொன்னார். ‘இமாலி’ என்றால் பணம். அவர் சொன்னது ‘இமட்லானா’. சொல்லும்போதே குரல் இறங்கியது, கை தன்னறியாமல் இடுப்பு முடிச்சுக்குப் போனது. எவ்வளவு பணம் என்று அந்தச் சொல் சொல்லவில்லை. பெரிய தொகையாகக்கூட இருந்திருக்கலாம். ‘இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே, கண் வைக்காதே, ஏதோ என் சக்திக்கு இருக்கிறது’ என்பதுதான் அந்த ‘ஆனா’. நம் வீட்டுப் பாட்டி ‘ஏதோ கொஞ்சூண்டு காசு வச்சிருக்கேன்’ என்பாரே, அதே அடக்கம்.

அதே விகுதி ஆளைக் குத்தவும் செய்யும். ‘இன்டோடா’ என்றால் ஆண், ஆம்பளை. ‘இன்டொஜெயானா’ என்றால் ஒன்றுக்கும் ஆகாத ஆம்பளை. ‘உம்ஃபாஸி’ மணமான பெண். ‘உம்ஃபஸானா’ என்றால் மதிப்பைக் கழித்துவிட்டுச் சொல்வது. இதே விகுதியை ஒரு தாய் தன் குழந்தையைக் கூப்பிடும்போது கேட்டால் நெஞ்சு இளகும்: ‘ம்ன்ட்டனாமி’, என் பிள்ளையே, என் கண்ணே. செல்லம், ஏளனம், அடக்கம் மூன்றுக்கும் கருவி ஒன்றுதான். எது என்பதைச் சொல்பவர் முகமும் கேட்பவர் யார் என்பதும் முடிவு செய்யும்.

இன்னொரு வேலையும் உண்டு. ‘சிவப்பு’ என்ற சொல்லில் ஒட்டினால் லேசான சிவப்பு. ‘குலு’ (பெரிய) என்ற வேரில் ஒட்டினால் ‘குட்ல்வானா’, ஓரளவு பெரியது. பெரியதையே சின்னதாக்கும் விகுதி!

ஒட்டும்போது சொல்லே உருமாறிவிடுவதையும் கவனிக்க வேண்டும். உதட்டில் பிறக்கும் ஒலி ‘ஆனா’வுக்கு முன்னால் வந்தால், அது உதட்டை விட்டு அண்ணத்துக்கு ஏறும். ‘இன்ட்டாபா’ (மலை) ‘இன்ட்டட்சானா’ (குன்று) ஆகும். ‘உம்லோமோ’ (வாய்) ‘உம்லொன்யானா’ ஆகும். மண்ணால் செய்த கள் கலயம் ‘உக்காம்பா’. அதன் சின்னது ‘உக்கஞ்ஜானா’. வாயை மூடித் திறக்கும் ஒலிகள் எல்லாம் நாக்கின் நடுப்பகுதிக்குப் போய்க் குழைகின்றன. சோறு சோச்சி ஆவதும் பால் பாச்சி ஆவதும் என் காதில் ஒலித்தன. உறவு எதுவும் இல்லை, ஆனால் குழைவு அதே குழைவு. அச்சில் பார்க்கும்போது ஒரு விகுதி மட்டும் மாறியதாகத் தெரியும். வாயால் சொல்லிப் பார்த்தால்தான் சொல் முழுக்க நெகிழ்ந்திருப்பது புரியும்.

எச்சரிக்கையாக ஒன்று: ‘ஆனா’ என்று முடிவதெல்லாம் இந்த ‘ஆனா’ இல்லை. வினைச்சொல்லில் வரும் ‘ஆனா’ வேறு. ‘தாண்டா’ என்றால் நேசி, ‘தண்டானா’ என்றால் ஒருவரை ஒருவர் நேசி. ஒருவர் இருவருக்கு மட்டும் கள் ஊற்றும் சின்னக் கலயம் ஒன்று உண்டு, பெயர் ‘உமன்சிஷானா’. சின்னக் கலயம், ‘ஆனா’வில் முடிகிறது, அதனால் இது சிறுமை விகுதிதான் என்று நான் நம்பிவிட்டேன். அது ‘கஞ்சத்தனம் செய்’ என்ற வினையிலிருந்து வந்த பெயர். ‘கஞ்சக் கலயம்’ என்று மொழிபெயர்த்தால்தான் சரி. விருந்தாளி முன்னால் அந்தக் கலயத்தை வைத்தால் என்ன அர்த்தம் என்று வாசகருக்கும் புரியும்.

வழி ஒன்று: ‘சின்ன’, ‘சிறிய’

எல்லோர் கையும் முதலில் போகும் இடம் இதுதான். ஆங்கிலம் வழியாக வந்தால் இது ஒன்றுதான் மிஞ்சும். ‘சிறிய கீரி’, ‘சிறிய மனிதன்’, ‘சிறிய பணம்’. மூன்றாவதைப் பார்த்தாலே இது ஓடாது என்று தெரிந்துவிடும்.

இதை நான் ஒதுக்கியதற்குக் காரணம் காதுக்கு ஒவ்வாதது மட்டும் இல்லை. ஜூலுவிலேயே ‘சின்ன’ என்பதற்குத் தனி அடைமொழி இருக்கிறது. ‘இன்ஜா’ என்றால் நாய். ‘இன்ஜா என்சானே’ என்றால் சின்ன நாய். (அந்தச் ‘ச’வும் உச்சுக் கொட்டும் ஒலிதான்.) உருவத்தை மட்டும் சொல்ல வேண்டுமென்றால் ஜூலு பேசுபவர் இதைச் சொல்லிவிட்டுப் போவார். ‘இன்ஜானா’ என்று வாலில் ஒட்டிச் சொல்கிறார் என்றால் அவர் வேறு எதையோ கூடவே சொல்கிறார்: கொஞ்சுகிறார், அல்லது ‘இதெல்லாம் ஒரு நாயா’ என்கிறார். நாய்க்குட்டி என்று வயதைச் சொல்ல வேண்டுமென்றால் அதற்கும் ‘உம்ட்ல்வானே’ என்று தனிச்சொல் இருக்கிறது. மூன்று பேரும் மூன்று வேலை செய்கிறார்கள். நாம் மூன்றையும் ‘சின்ன நாய்’ என்று எழுதினால், கதை சொன்ன கிழவி தேர்ந்தெடுத்ததை நாம் கலைத்துப் போடுகிறோம்.

இந்த வழி கச்சிதமாகப் பொருந்தும் இடம் ஒன்று உண்டு. அது உறவுமுறை. அப்பாவின் அண்ணனுக்கு ஜூலுவில் ‘உபபொம்குலு’, அதாவது பெரிய அப்பா. தம்பிக்கு ‘உபபொம்ன்சானே’, சின்ன அப்பா. பெரியப்பா, சித்தப்பா! இங்கே ஜூலு தானே அடைமொழியைப் போட்டிருக்கிறது, நாமும் போடலாம். இரண்டு குடும்பங்களும் அப்பாவின் சகோதரர்களை அப்பாவாகவே பார்க்கின்றன என்பதால் மொழிபெயர்ப்பாளருக்கு வேலையே இல்லை.

அதே வீட்டில் ஒரு குழியும் இருக்கிறது. ஜூலுவில் பெருமையைக் காட்டும் விகுதி ‘காஸி’. ‘உல்வாண்ட்லே’ கடல், ‘உல்வாண்ட்லெகாஸி’ பெருங்கடல். ‘இஸ்வே’ நாடு, ‘இஸ்வெகாஸி’ கண்டம். இந்தப் பழக்கத்தில் ‘உபாபா’ (அப்பா) என்பதோடு ‘காஸி’ சேர்ந்த ‘உபபெகாஸி’யைப் பார்த்ததும் பெரியப்பா என்று கை எழுதிவிடும். அது அத்தை. அப்பாவின் உடன்பிறந்தவள். ‘காஸி’யின் பழைய பொருள் பெண். பெண் விலங்கைக் குறிக்கவும் (‘இங்கொன்யாமா’ சிங்கம், ‘இங்கொன்யமகாஸி’ பெண்சிங்கம்) மனைவியைக் குறிக்கவும் (‘இன்க்கோசி’ தலைவர், ‘இன்க்கொசிகாஸி’ தலைவரின் மனைவி, இன்று பொதுவாகத் திருமதி) வந்த விகுதிதான் பிறகு பிரம்மாண்டத்தையும் ஏற்றுக்கொண்டது. பெண்மையும் பெருமையும் ஒரே விகுதிக்குள் இருக்கின்றன. தாய் என்றாலே பெரியது என்று அந்த மொழி எப்போதோ முடிவு செய்திருக்கிறது போலும். அத்தையைப் பெண்ணாகப் பிறந்த அப்பா என்று பார்க்கும் அந்தச் சொல்லுக்கு நேர் இணையாக, தாய்மாமனை ‘உமலூமே’ என்கிறார்கள். ஆணாகப் பிறந்த அம்மா. தமிழில் அத்தை, மாமா என்று எழுதினால் போதும். அந்த உள்ளர்த்தம் போய்விடும்தான். ஆனால் அத்தைக்கும் மாமனுக்கும் தமிழ் வீட்டில் இருக்கிற எடை வேறு எந்த மொழிபெயர்ப்பையும் விட அதிகம் சொல்லும்.

வழி இரண்டு: குட்டி, குஞ்சு, பிள்ளை, ஊண்டு

தமிழில் சிறுமை விகுதி இல்லை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களாக ஒன்பதைத் தொகுக்கிறது: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. எந்த விலங்கின் இளசுக்கு எந்தப் பெயர் என்று ஒரு முழு ஒழுங்கே அதில் இருக்கிறது. இவற்றில் பிள்ளையும் குட்டியும் வயதை உதறிவிட்டுச் செல்லமாக மாறிவிட்டன. கீரிப்பிள்ளை, தென்னம்பிள்ளை, ‘என் குட்டி’. குழந்தையைக் குறித்த சொல் விகுதியாகி, விகுதி பாசமாகும் இந்தப் பாதையில்தான் ‘ஆனா’வும் நடந்திருக்கிறது.

பேச்சில் இன்னொன்றும் வைத்திருக்கிறோம். ஊண்டு. கொஞ்சூண்டு, துளியூண்டு, குட்டியூண்டு. ஜூலுவில் சிறுமையை இன்னும் சிறிதாக்க ‘ஆனா’வை ‘அன்யானா’ ஆக்குவார்கள். ‘உம்ஃபானா’ பையன், ‘உம்ஃபன்யானா’ பொடிப்பயல். ‘இன்ஜானா’வுக்கும் மேலே ‘இன்ஜன்யானா’. இந்த இரண்டாம் படிக்கு ‘மிக மிகச் சிறிய’ என்று எழுதினால் கட்டுரை ஆகிவிடும். ‘குட்டியூண்டு நாய்’ என்றால் கதை ஆகும். எழுத்துத் தமிழில் ஊண்டு வரலாமா என்று தயங்குபவர்கள் உண்டு. வாய்மொழிக் கதையை எழுதும்போது தயங்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

விலங்குகளுக்கும் பொருட்களுக்கும் இந்த வழிதான் சிறந்தது. நேரத்துக்கும் பணத்துக்கும்கூட ஓரளவு ஓடும். ‘இசிக்காத்தி’ (நேரம்) என்பதிலிருந்து வரும் ‘இசிக்கஷானா’வை டர்பனில் எந்தக் கவுண்டருக்குப் போனாலும் கேட்கலாம். அதற்கு நான் வைத்த தமிழ் ‘செத்த நேரம்’. ‘சற்று நேரம்’ என்பதில் கடிகாரம் இருக்கிறது. ‘செத்த நேரம் இருங்க’ என்பதில் கெஞ்சல் இருக்கிறது.

ஆனால் மனிதர்களிடம் இந்த வழி தடுக்கி விழுகிறது. ‘இன்டொஜெயானா’வை ஆம்பளைக்குட்டி என்றா எழுதுவது? குட்டியும் பிள்ளையும் தமிழில் அன்பின் பக்கம் சாய்ந்துவிட்டவை. ஏளனத்தை அவற்றின் தலையில் ஏற்ற முடியாது. ‘ஆனா’ இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. அதற்கு இணையாக இரண்டு பக்கமும் வெட்டும் ஒன்று வேண்டும்.

வழி மூன்று: பெயரை விட்டுவிட்டு வினைக்குப் போவது

இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பல மாதங்கள் ஆயின. கண்ணுக்கு எதிரே இருந்தும் தெரியாமல் போனதற்குக் காரணம், விடையைப் பெயர்ச்சொல்லிலேயே தேடிக்கொண்டிருந்ததுதான். ஜூலு தன் பார்வையைப் பெயரின் வாலில் வைக்கிறது. தமிழ் அதை வினையின் வாலில் வைக்கிறது.

வந்தார், வந்தான், வந்தது. ஒரே ஆளைப் பற்றி மூன்றையும் சொல்லலாம். ‘உங்க மாப்பிள்ளை வந்தார்’ என்பவர் உறவினர். ‘அவன் வந்தான்’ என்பவர் நண்பர் அல்லது எதிரி. ‘அது வந்து நிக்குது பாரு’ என்பவர் அந்த மனிதனை மனிதன் என்ற கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார். அதே ‘அது’வைக் குழந்தைக்குச் சொல்லிப் பாருங்கள்: ‘பாவம், பசிச்சு அழுவுது’. துளியும் ஏளனம் இல்லை, முழுக்கக் கனிவு. வளர்ந்தவனைச் சொன்னால் அவமானம், குழந்தையைச் சொன்னால் கொஞ்சல். ‘ஆனா’ செய்யும் இரட்டை வேலையை இந்த அஃறிணை விகுதி அப்படியே செய்கிறது. நான் தேடிய இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி இதுதான்.

ஜூலு வினையில் ஆண், பெண் வேறுபாடு கிடையாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மனிதர் யாராக இருந்தாலும் வினையின் முன்னொட்டு ஒன்றுதான். ஜூலுக் கதையை அப்படியே பின்தொடர்பவர் வினையில் எதுவும் கிடைக்காததால், தமிழிலும் ஏதோ ஒரு விகுதியை யோசிக்காமல் போட்டுவிட்டு, பெயரில் மட்டும் ‘சிறிய’வைச் சேர்ப்பார். மூலத்தில் எடை இருக்கும் இடம் வேறு, தமிழில் எடை ஏற வேண்டிய இடம் வேறு.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். சிறுத்தை வேட்டைக்குப் போகிறது. தன் குட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை இந்தக் கள்ளனிடம் கொடுக்கிறது. தாய் பால் கொடுக்க வந்தால் இவன் குகைக்குள்ளிருந்து குட்டிகளை ஒவ்வொன்றாக நீட்டுவான். ஒன்றைத் தின்றுவிட்ட அன்று, ஏற்கெனவே பால் குடித்த ஒன்றையே இரண்டாவது முறையும் நீட்டிக் கணக்கைச் சரிக்கட்டுவான். முதல் வழியில் எழுதினால் இப்படி வரும்:

‘சிறிய கீரி ஒரே குட்டியை இரண்டு முறை காட்டியது. சிறுத்தை அதை அறியவில்லை.’

தகவல் இருக்கிறது. கீரி இல்லை. நான் கடைசியாக வைத்துக்கொண்டது:

‘கீரிப்பிள்ளை என்ன செய்தான்? குடித்து வயிறு புடைத்த குட்டியையே மறுபடி நீட்டினான். தாய்க்கு என்ன தெரியும், பாவம். முகர்ந்து பார்த்துவிட்டுப் பால் கொடுத்தது.’

‘செய்தான்’, ‘நீட்டினான்’ என்ற ஆன் விகுதியும் ‘பாவம்’ என்ற ஒரு சொல்லும் ‘ஆனா’வின் பாரத்தைச் சுமக்கின்றன. கீரிக்கு உயர்திணை, சிறுத்தைக்கு அஃறிணை. பெரிய விலங்கு கீழே, சின்ன விலங்கு மேலே. பெயரில் ‘பிள்ளை’, வினையில் ‘ஆன்’. பெயர் கொஞ்சுகிறது, வினை ‘இவன் லேசுப்பட்டவன் இல்லை’ என்கிறது.

இங்கே ஒரு நண்பர், ‘நரியார், காக்கையார் மாதிரி கீரியார் என்று போடலாமே’ என்றார். சிறுவர் கதைகளில் நன்றாக ஊறிய வழக்கம்தான். நானும் இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தேன். ஆர் வந்ததும் கீரிக்கு வேட்டியும் துண்டும் வந்துவிடுகின்றன. ஊர்ப் பெரியவர் ஆகிவிடுகிறார். ‘ஆனா’ ஆளைக் குறுக்கி மடியில் வைக்கும். ‘ஆர்’ ஆளைத் திண்ணையில் உட்கார வைக்கும். எதிர்த்திசை.

மனிதர்கள் விஷயத்தில் இந்த வழி இன்னும் நன்றாக வேலை செய்கிறது. ‘இன்டொஜெயானா’ வரும் வாக்கியத்தை ‘அவனெல்லாம் ஒரு ஆம்பளை’ என்று எழுதினேன். ‘எல்லாம்’, ‘ஒரு’ ஆகிய இரண்டு சின்னச் சொற்கள், சிறுமை என்ற சொல்லே வராமல் ஆளைச் சிறிதாக்கிவிட்டன. சந்தை மூதாட்டியின் ‘இமட்லானா’வுக்கு ‘ஏதோ’ போதும். ‘கையில ஏதோ இருக்கு.’ பணம் என்ற சொல்லைக்கூட எடுத்துவிட்டேன். அடக்கம் அதிகமானது.

ஜூலுவில் பார்வை பெயரின் தலையிலும் ஏறும். பெயர்கள் முன்னொட்டால் பல வகுப்புகளாகப் பிரிந்திருக்கின்றன. மனிதருக்கான வகுப்பு ‘உமு’. ‘உமூன்ட்டு’ என்றால் மனிதர். ஆனால் குடிகாரனை ‘இசிடாக்வா’ என்பார்கள், கொள்ளைக்காரனை ‘இசிகெபெங்கு’ என்பார்கள். இரண்டும் ‘இசி’ வகுப்பில், பொருட்கள் பலவும் இருக்கும் வகுப்பில் உட்கார்ந்திருக்கின்றன. வினையும் அதற்கேற்ப மாறிவிடும். ‘அது போகுது பாரு, தள்ளாடிக்கிட்டு’ என்பது இதற்கு மிக நெருங்கிய தமிழ். ஆனால் ‘இசி’ என்றாலே இழிவு என்று விதி எழுதிவிடக் கூடாது. அறிஞரும் (‘இசாஸி’) தூதரும் (‘இசிதுன்ய்வா’) அதே வகுப்புதான். அறிஞரை ‘அது’ என்று எழுதும் மொழிபெயர்ப்பை நான் பார்க்க விரும்பவில்லை.

வழி நான்கு: ஜூலுச் சொல்லையே விட்டுவைப்பது

அடிக்குறிப்பு போட்டு மூலச் சொல்லை வைப்பதும் ஒரு வழி. ஆய்வு நூலுக்குச் சரி. படுத்துக்கொண்டு கேட்கும் குழந்தைக்குச் சொல்லும் கதையில் அடிக்குறிப்பை யார் படிப்பது? இதை நான் பெயர்களுக்கு மட்டும், அதுவும் எல்லாப் பெயர்களுக்கும் அல்லாமல், ஒதுக்கினேன்.

எதை எங்கே வைத்தேன்

மாதக்கணக்கில் எழுதி அழித்தபின் பழக்கமாகிவிட்ட முறை இது. விகுதி உறைந்துபோன சொற்களை முதலில் பிரித்து வைத்துவிடுகிறேன். ‘இன்டொடானா’ என்பது ஆண் + ஆனா. ஆனால் இன்று அதன் பொருள் மகன், அவ்வளவுதான். ‘இன்டொடகாஸி’ மகள். ‘இன்டாபா’ (சேதி, கதை) குறுகி ‘இன்டட்சானா’ ஆனது. சிறுகதை, பத்திரிகைக் கட்டுரை என்று பொருள். நாமும் ‘சிறு’வைச் சேர்த்துத்தான் சிறுகதை செய்தோம். கொடும் விலங்கைக் குறிக்கும் ‘இசீலோ’, மன்னரை விளிக்கவும் பயன்படும் சொல். அதில் காஸியும் ஆனாவும் ஒருசேர ஒட்டியது ‘இசிலொகஸானே’, பூச்சி. இவற்றில் இன்று யாரும் கொஞ்சலையோ ஏளனத்தையோ கேட்பதில்லை. தமிழிலும் மகன், மகள், பூச்சி என்று வெறுமனே எழுதிவிட்டு நகர வேண்டும். இங்கே விகுதியை மொழிபெயர்ப்பது தவறான விசுவாசம்.

உயிருள்ள ‘ஆனா’ விலங்கிலோ பொருளிலோ இருந்தால் இரண்டாம் வழி. மனிதரில் இருந்தால் மூன்றாம் வழி. இரண்டும் சேர்ந்தே வரலாம், கீரிப்பிள்ளைக்கு வந்த மாதிரி. ‘காஸி’ பிரம்மாண்டத்தைக் காட்டினால் பெருங்கடல், பெருமரம் என்று ‘பெரு’வை முன்னால் வைக்கிறேன். அது ‘பெரிய’வைவிடச் சொல்லோடு நன்றாக ஒட்டுகிறது. வெறும் ‘சின்ன’, ‘பெரிய’ என்பவற்றை, ஜூலுவும் அடைமொழி போட்டிருக்கும் இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

இந்த முறைக்கு ஒரு விலை உண்டு. வினையில் ‘ஆன்’ போட்டதும் கீரி ஆண் என்று உறுதியாகிவிடுகிறது; ஜூலு வினை அதைச் சொல்லவே இல்லை. அந்த விலையைத் தெரிந்தே கொடுக்கிறேன்.

ஒரு சொல் மட்டும் எந்த வழிக்கும் பிடி கொடுக்கவில்லை. ‘உமூன்ட்டு’ (மனிதர்) என்பதில் ‘ஆனா’ சேர்ந்து பிறந்தது ‘உம்ன்ட்வானா’. குட்டி மனிதர், அதாவது குழந்தை. அந்தத் தாய் ‘ம்ன்ட்டனாமி’ என்று அழைத்ததும் இந்தச் சொல்லைத்தான். அதே சொல் அரச குடும்பத்தினருக்கான பட்டமும்கூட. 2023 செப்டம்பரில் 95 வயதில் மறைந்த மங்கோசுத்து புத்தெலேஸியை, ஜூலு மன்னரின் பாரம்பரியப் பிரதமராக நெடுங்காலம் இருந்தவரை, மக்கள் கடைசிவரை ‘உம்ன்ட்வானா வாக்வாபிண்டங்கேனே’ என்றே அழைத்தார்கள். பிண்டங்கேனே என்ற இடத்தின் பிள்ளை. இளவரசர் என்று எழுதினால் பட்டம் வரும், மடி போய்விடும். குழந்தை என்று எழுதினால் பட்டம் போய்விடும். தமிழில் தோளில் தூக்கும் குழந்தைக்கும் பெயருக்குப் பின்னால் வரும் மரியாதைக்கும் ஒரே சொல் இருக்கிறதே என்று பிள்ளை என்று எழுதிப் பார்த்தேன். அது தமிழ்நாட்டுச் சாதிப் பெயராக ஒலித்துவிடுகிறது, ஜூலு இளவரசருக்கு அது வேண்டாம். அழித்துவிட்டு, அந்த ஓர் இடத்தில் மட்டும் நான்காம் வழிக்குப் போய் உம்ன்ட்வானா என்றே விட்டிருக்கிறேன். அடிக்குறிப்பு இல்லாமல், அடுத்த வரியில் ஒரு தாய் தன் குழந்தையை அதே சொல்லால் கூப்பிடும்படி வைத்திருக்கிறேன்.